முயல் கண்ணும் சித்தப்பாவின் கண்ணும்

கண் மருத்துவமனையின் இருட்டறையில் சித்தப்பாவின் வலக்கண் கணினித் திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. ஆரஞ்சு நிறச் சாயத்தாளின் நுனியை இமைக்குள் தொட்டு எடுத்து நீல விளக்கைப் போட்டதும், கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே பச்சையாக ஒளிரும் ஒரு கோடு புறப்பட்டு, மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் சிறு குமிழோடு நின்றிருந்தது. சித்தப்பா இடக்கண்ணால் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, மூணாத்துத் தலைப்பு மாதிரியில்ல இருக்கு" என்றார். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் அந்த இடத்தை, எந்தப் பக்கம் எத்தனை அடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிளில் போய் வருகிறவர் அவர். அவருடைய கண்ணுக்கு அது ஆறாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எனக்கு அந்த உருவம் வேறொன்றாகத் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்கு இல்லத்தில், இதே கிளையை முயல்களின் கண்களில் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வட்டத்துக்குள் வரைந்தவன் நான்.

நான் கால்நடை மருத்துவன். முதுநிலைப் படிப்பில் மருந்தியல் எடுத்தேன்; அதை முடித்த கையோடு மூன்று ஆண்டுகள், கருவிழியில் இந்தக் கிளைப்புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான கண் மருந்துகளை விலங்குகளில் சோதிக்கும் குழுவில் வேலை பார்த்தேன். பிறகு ஊருக்கே வந்துவிட்டேன். இந்த வேலையைப் பற்றி வீட்டில் யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. மருத்துவமனையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சித்தப்பா சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மொசலுக்குப் போட்டுப் பாத்த மருந்தையா எனக்குப் போடுறாங்க? மொசக் கண்ணும் மனுசக் கண்ணும் ஒன்னா?" என்று கேட்டார். ஒன்றல்ல என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அந்த "ஒன்றல்ல" என்பதற்குள் அறுபது ஆண்டுகால மருத்துவம் இருக்கிறது. பேருந்தில் சொல்லி முடிக்க இயலாத அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவருக்கு நடந்தது இதுதான். பங்குனியில் உளுந்து பறித்துக் களத்தில் காயவைத்து அடித்துக்கொண்டிருந்தபோது வலக்கண் உறுத்தியது. தூசி விழுந்துவிட்டது என்று எண்ணிச் சித்தி நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்தார். மறுநாள் கண் சிவந்தது. உதட்டோரத்தில் அதற்கு முந்தைய வாரம் நீர்க்கொப்புளம் வந்திருந்ததால் இதுவும் அக்கியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, வேளாரிடம் போய் நெற்றியிலும் கன்னத்திலும் காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. காவி கண்ணுக்குள் போகவில்லை. கெடுதல் செய்தது அடுத்தபடியாக மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய சொட்டு மருந்து. அதில் கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது. இரண்டே நாளில் சிவப்பு மாயமாய்க் குறைந்தது. நல்ல மருந்து என்று சொல்லி ஐந்து நாள் விட்டார். ஆறாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தொலைபேசி வந்தது அன்றுதான். திரையில் மூன்று கிளைகளில் ஒன்று, கரை உடைத்த வாய்க்கால் வயலுக்குள் பரவியதைப் போல அகன்று கிடந்ததற்கு அந்த ஐந்து நாள்தான் காரணம்.

மருத்துவர் அன்று செய்த இன்னொரு சோதனையும் என் மனத்தில் நின்றது. பஞ்சைத் திரித்து மெல்லிய நுனியாக்கி, முதலில் இடக்கண்ணின் கருவிழியைப் பக்கவாட்டிலிருந்து தொட்டார். இமை படக்கென்று மூடிக்கொண்டது. வலக்கண்ணைத் தொட்டார், இமை அசையவில்லை. உடலிலேயே மிக நெருக்கமாக நரம்பு பின்னிய இடங்களில் ஒன்று கருவிழி. அந்த நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்றால், இந்த நோய் இன்று நேற்று வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அதே கண் சிவந்து தானாகவே அடங்கியதாகச் சித்தி சொன்னார்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் குணம் அது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, யாருக்கும் தெரியாமல் உடலுக்குள் நுழைகிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பெருநரம்பின் வழியாக மேலேறி, மண்டையோட்டின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே அது பெருகுவதில்லை. பெருகாத வைரஸைப் பயன்பாட்டில் உள்ள எந்த மருந்தாலும் இன்றுவரை தொட முடிந்ததில்லை. எப்போதாவது விழித்து, வந்த வழியே இறங்கி, உதட்டிலோ கருவிழியிலோ வெளிப்படுகிறது. கருவிழியின் மேல்தோலில் வந்தால் இந்தக் கிளைப்புண். ஆழ்ந்த அடுக்குக்குப் போனால் தழும்பு. நம் ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்போமே, அந்த வெண்மை. அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதன் உறவுக்கார வைரஸ் செய்யும் வேலை. சின்னம்மை போட்டவரின் நரம்பு முடிச்சில் தங்கியிருந்து வருவது அது. உதட்டுக் கொப்புளத்தையும் கண்ணையும் ஒரே சொல்லால் சேர்த்துப் பார்த்த எங்கள் தெருக்காரர், காரணம் தெரியாமலே உண்மைக்கு அருகில் போயிருக்கிறார்.

இந்த நோயை ஆய்வுக்குள் கொண்டுவந்ததே முயல்தான். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் க்ரூட்டர், 1910களில், நோயாளியின் கருவிழிப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை முயலின் கருவிழியில் தடவிப் பார்த்தார். முயலுக்கும் அதே புண் வந்தது. வைரஸைக் கண்ணால் காட்டும் நுண்ணோக்கி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இது தொற்றிப் பரவும் ஏதோ ஒன்று என்பதற்கு முயலின் கண் சாட்சி சொல்லிவிட்டது. ஆனாலும் அடுத்த ஐம்பது ஆண்டு மருத்துவர்களின் கையில் இருந்தவை புண்ணைச் சுரண்டி எடுப்பதும், அயோடினால் சுடுவதும்தான். வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே குடியிருந்து நம் செல்லின் கருவிகளைக் கொண்டே பெருகுவதால், அதைக் கொல்லும் எதுவும் நம்மையும் கொல்லும் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது.

அந்த எண்ணம் உடைந்த இடமும் முயலின் கண்தான். யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃப் 1959இல் புற்றுநோயை மனத்தில் வைத்து ஐடாக்சுயூரிடின் என்ற பொருளை உருவாக்கினார். டி.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றைப் போலவே தோற்றம் தரும் போலித் துண்டு அது. வைரஸ் தன் நகலை எழுதும்போது இதை எடுத்துச் செருகிக்கொண்டால் நகல் பழுதாகிவிடும். நம் செல்லும் அதே தவற்றைச் செய்யும் என்பதால் உள்ளுக்குக் கொடுக்க முடியாத நஞ்சு. ஹெர்பர்ட் காஃப்மன் என்ற கண் மருத்துவர் அதைச் சொட்டு மருந்தாக்கி முயல்களின் கண்ணில் விட்டார், புண் ஆறியது, பிறகு மனிதர்களிலும் ஆறியது. அவர் அதை வெளியிட்டது 1962இல். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வைரஸுக்கு எதிராக அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. இன்று எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலை வைரஸுக்கும் மாத்திரை விழுங்குகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நிற்பது ஒரு கண் சொட்டு மருந்தும், அது விடப்பட்ட சில முயல்களும். இது ஏன் கண்ணில் நடந்தது என்பதும் தற்செயலன்று. கண் வெளியில் இருக்கிறது. மருந்தை நேராக அங்கே மட்டும் விடலாம். இரத்தத்தில் கலப்பது குறைவு. புண் ஆறுகிறதா என்பதை உயிரோடிருக்கும் விலங்கில் நாள்தோறும் பார்க்கலாம்.

அதன்பின் விடராபின், டிரைஃபுளூரிடின் ஆகியவை வந்தன. 1970களின் கடைசியில் அசைக்ளோவிர் வந்தது; அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அசைக்ளோவிரின் அழகு என்னவென்றால், அது உறங்கும் நிலையிலேயே செல்லுக்குள் போகிறது. வைரஸுக்குச் சொந்தமான ஒரு நொதிதான் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். ஆகவே வைரஸ் புகாத செல்லில் அது ஏறக்குறையச் சும்மா கிடக்கும். திருடன் கையாலேயே விலங்கைப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. சித்தப்பாவுக்கு எழுதித் தந்ததும் அதே மருந்தின் 3 சதவீதக் களிம்புதான், நாளுக்கு ஐந்து வேளை.

இனி விலங்கு இல்லம். வெளியார் நினைப்பதுபோல் அங்கே அலறல் ஏதும் கேட்காது. முயல் அனேகமாகக் கத்தாது, அதுதான் அந்த வேலையின் கடினமும் கூட. வலிக்கிறதா என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்: கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், தழையைத் தொடாது, கூண்டின் அடித்தட்டில் புழுக்கை குறையும். காலையில் உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கண்ணையன்று, தட்டை. தூக்கும்போது பின்கால்களைத் தாங்காவிட்டால், உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும் பிராணி அது. துண்டில் சுற்றி, மடியோடு சேர்த்து அணைத்து, மரக்கச் செய்யும் சொட்டு விட்ட பிறகுதான் எதையும் செய்வோம். வைரஸ் கலந்த ஒரு துளியைக் கருவிழியில் விட்டு இமையை மூடி மெல்லத் தேய்ப்போம். சில வைரஸ் வகைகளுக்கு மேல்தோலில் ஊசிமுனையால் இலேசான கட்டக் கோடு போட வேண்டியிருக்கும். ஒரு கண்ணில் மட்டுமே; மறு கண்ணைத் தொடக்கூடாது என்பது கண் ஆய்வில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒழுங்கு.

மூன்றாம் நாள் கிளை தெரியும். சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்த்து, தாளில் அச்சிட்ட வட்டத்துக்குள் அதை அப்படியே வரைந்து, பக்கத்தில் புண்ணின் கடுமையைக் குறிக்கப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஓர் எண் போடுவோம். அன்றுதான் மருந்தும் தொடங்கும். புட்டிகளில் எழுத்து மட்டுமே இருக்கும். எதில் மருந்து, எதில் வெறும் களிம்பு என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கை தானாக மூன்றை இரண்டாக்கும். இதை நான் நம்பாமல் இருந்தேன். ஒரு முறை ஒரு புட்டியின் நிற வேறுபாட்டால் எனக்கு உண்மை தெரிந்துபோன வாரத்தில், என் எண்களும் அடுத்தவருடைய எண்களும் விலகியதைப் பார்த்த பிறகு நம்பினேன். அந்த வாரத்துக் கணக்கு முழுவதையும் விலக்க நேர்ந்தது. விலக்கியது எண்களை மட்டுமா? அந்த முயல்களின் வலியையும் சேர்த்துத்தான் வீணடித்தோம். விலங்குச் சோதனையில் கொடுமை எது என்று என்னைக் கேட்டால், ஊசியைவிட முதலில் இதைத்தான் சொல்வேன்.

வெறும் களிம்பு எதற்கு என்று சித்தப்பாவும் கேட்டார். இந்தக் கிளைப்புண் முயலில் இரண்டு வாரம்போல் ஆனால் தானாகவே ஆறிவிடும். மனிதரிலும் பல நேரம் ஆறும். மருந்து விடாத கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால், விளக்கெண்ணெய் விட்டாலும் தாய்ப்பால் பீய்ச்சினாலும் பதினைந்தாம் நாள் வெற்றி என்று எழுதிவிடலாம். நம் ஊர்க் கைவைத்தியங்கள் பலவற்றுக்கு வாய்த்த புகழ் இப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு. படம் வரைந்து வைப்பது மட்டும் புதிதன்று. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில், இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் கண்களின் வண்ணப் படங்களோடு இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு என் பென்சில் வட்டங்கள் நினைவுக்கு வந்தன. இருநூறு ஆண்டுக்கு முன் தஞ்சாவூரில் ஒருவர், சொல்லை நம்பாமல் படத்தை நம்பியிருக்கிறார்.

இப்போது அந்த "ஒன்றல்ல" என்பதற்கு வருகிறேன். முயல் கண்ணைச் சிமிட்டுவது சில நிமிடங்களுக்கு ஒரு முறைதான். மனிதர் நிமிடத்துக்குப் பத்து முறைக்கு மேல் சிமிட்டுகிறார். சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்து போகிறது. ஆகவே முயலின் கண்ணில் மருந்து தங்கும் நேரம் மிகுதி. முயல் காட்டும் வெற்றியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். கருவிழியின் தடிப்பும் வேறு. மனிதக் கருவிழியில் மேல்தோலுக்கு அடியில் உள்ள உறுதியான படலம் முயலில் சரியாக அமையவில்லை. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. நாங்கள் மூன்றாம் நாள் மருந்தைத் தொடங்கினோம். சித்தப்பா ஒன்பதாம் நாள் வந்தார், நடுவில் ஸ்டீராய்டும் விட்டுக்கொண்டு.

புண் ஆறுமா என்ற கேள்விக்கு முயல் அனேகமாக உண்மையே சொல்கிறது. திரும்ப வருமா என்று கேட்டால்தான் அது தடுமாறுகிறது. சித்தப்பாவின் பார்வையைப் பறிப்பது முதல் புண்ணன்று; நான்காவதோ ஐந்தாவதோ. வைரஸ் நரம்பு முடிச்சில் உறங்குகிறது என்பதை விலங்கில் தெளிவாகக் காட்டியவர்கள் ஸ்டீவன்ஸும் குக்கும். 1971இல் எலியின் பாதத்தில் தொற்றை ஏற்படுத்தி, அது ஆறிய பிறகு, தண்டுவடத்தின் அருகிலுள்ள நரம்பு முடிச்சை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார்கள்; இல்லை என்று தோன்றிய வைரஸ் அங்கிருந்து எழுந்து வந்தது. ஆனால் உயிரோடிருக்கும் எலியில் அது தானாக எழுந்து கண்ணுக்கு வருவது அரிது. முயலில் மெக்ரே என்ற வைரஸ் வகை தானாகவே அவ்வப்போது கண்ணீரில் தலைகாட்டும்; அட்ரினலினை மெல்லிய மின்னோட்டத்தால் கருவிழிக்குள் செலுத்தி அதை வேண்டிய நாளில் எழுப்பவும் வழி கண்டார்கள். அந்த வகைக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. அது மூளைக்கும் போகும். முயல்களில் ஒரு பகுதி, திரும்ப வரும் நோயைக் காட்டும் முன்பே இறந்துபோகும். திரும்ப வருவதைப் படிக்க வேண்டும் என்றால் அதிகக் கொடிய வைரஸை எடுத்தாக வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்கு நான் இருந்தவரை நல்ல விடை கிடைக்கவில்லை.

எலியில் உறங்கும் வைரஸை எழுப்ப வேறொரு வழி உண்டு: புற ஊதாக் கதிர். கருவிழியில் அதை அளந்து பாய்ச்சினால் சில நாளில் வைரஸ் இறங்கி வருகிறது. சித்தப்பாவின் பங்குனி வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுமா என்று எனக்கும் தோன்றியது. அங்கேதான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஹெர்பிஸ் கண் நோய் ஆய்வு என்ற பெயரில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், நோயாளிகளை வாரந்தோறும் குறிப்பு எழுதவைத்து, மன அழுத்தம், வெயில், காய்ச்சல், கண்ணில் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த முடிவில், இவற்றில் எதற்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு தென்படவில்லை. அதைவிடச் சுவையான ஒன்று, நோய் வந்த பிறகு காலம் தாழ்த்திக் குறிப்பு எழுதியவர்கள் மன அழுத்தம் அதிகம் இருந்ததாக எழுதினார்கள் என்பது. காரணத்தைத் தேடும் மனம் கடந்த வாரத்தைத் திருத்தி எழுதிவிடுகிறது. எலியில் வெயில் எழுப்புகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே பாய்ச்சியது விளக்கின் கதிர், அளந்த அளவு, நேராகக் கருவிழியில். உளுந்துக் களத்தில் நின்ற மனிதருக்கு அதை அப்படியே எடுத்துப் பொருத்த எனக்கு உரிமை இல்லை. சித்தப்பாவிடம் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். வெயிலால்தான் வந்தது என்று சொல்லவில்லை.

திரும்ப வருவதைத் தடுக்கும் விடை விலங்கிலிருந்து வரவில்லை, அதே ஆய்வில் சேர்ந்த மனிதர்களிடமிருந்து வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் கண்ணில் இந்த நோய் வந்திருந்த 703 பேருக்கு, பாதிப்பேருக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை, ஓராண்டு. 1998இல் வெளியான கணக்கில், மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 32 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. ஓராண்டு காத்திருந்து இதைப் பார்க்க எந்த முயலும் ஈடாகாது.

ஸ்டீராய்டின் கதை இன்னும் வளைந்தது. மேல்தோல் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் வைரஸ் கட்டற்றுப் பரவும். ஆனால் ஆழ்ந்த அடுக்கில் வரும் அழற்சியில், கருவிழியைப் பாழாக்குவது பெரும்பாலும் வைரஸன்று, அதை விரட்ட வந்த நம் வெள்ளணுக்கள்தான் என்பதை எலிகள் காட்டின. டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் ஒரு வகை இல்லாத எலிக்கு அந்த அழற்சி சரியாக வருவதில்லை. அதே வைரஸைப் பால்ப் சி என்ற எலி வகையும் சி57 கறுப்பு எலி வகையும் வெவ்வேறு விதமாகத் தாங்குகின்றன. இனம் மாறினால் நோயே மாறுகிறது. கேடு செய்வது பெரும்பாலும் நம் வெள்ளணுக்களே என்பதால், ஆழ்ந்த அழற்சிக்கு, வைரஸ் மருந்தின் பாதுகாப்போடு ஸ்டீராய்டு கொடுப்பதே சரி என்பது 1994இல் மனிதர்களிலும் உறுதியானது. ஒரே புட்டி, ஒரே கண், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஆழ வேறுபாட்டில் ஒருவருக்கு நஞ்சு, இன்னொருவருக்கு மருந்து. மருந்துக்கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எந்த விளக்கை வைத்து அந்த ஆழத்தைப் பார்த்தார் என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போது நான் பார்க்கும் வேலையிலும் இந்தக் கிளை வந்து நிற்கிறது. பூனைக்கென்று தனி ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. ஐப்பசி மழையில் நனைந்து, தும்மிக்கொண்டு, கண் ஒட்டிப்போன குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். சாயம் தொட்டால் சிலவற்றில் அதே கிளை. இங்கே நாம் வைரஸை வலியப் புகுத்தவில்லை. பூனை தன் நோயைத் தானே கொண்டுவருகிறது. அது உறங்குகிறது, திரும்ப வருகிறது, தழும்பும் விடுகிறது. சித்தப்பாவின் நோய்க்கு முயலைவிட இது பல வகையில் நெருக்கம். ஆனால் மனிதருக்கு உகந்த அசைக்ளோவிர் பூனைக்கு உதவாது: பூனை வைரஸின் நொதி அதைச் சரியாக எழுப்புவதில்லை, மருந்தோ எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிறது. ஃபாம்சைக்ளோவிர் என்ற அதன் உறவினம் வேலை செய்கிறது. அதையும் பூனையின் கல்லீரல் மனிதரைப் போல மாற்றுவதில்லை என்பதால் அளவை வேறாகக் கணக்கிட வேண்டும். 1970களில் முயலுக்குப் பதிலாகப் பூனையை வைத்துச் சோதித்திருந்தால், அசைக்ளோவிர் உதவாத மருந்து என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். இந்த எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு.

அப்படியானால் விலங்கு வேண்டுமா என்று கேட்டால், பாதி வேண்டாம் என்பதே என் பதில். மருந்து கருவிழிக்குள் இறங்குகிறதா, மேல்தோல் செல்லைக் கெடுக்கிறதா, வைரஸின் பெருக்கத்தை அடக்குகிறதா என்ற கேள்விகளுக்கு, கண் தானமாக வந்து ஒட்டு அறுவைக்குப் பயன்படாத மனிதக் கருவிழியைக் கலத்தில் உயிரோடு வைத்துச் சோதிக்கலாம். சிகாகோவில் 2018இல் பி.எக்ஸ்.795 என்ற பொருளை இப்படி மனிதக் கருவிழியிலும் எலியிலும் சேர்த்தே பார்த்தார்கள். ஆனால் கலத்தில் கிடக்கும் கருவிழிக்கு நரம்பு முடிச்சு இல்லை. உறங்கும் வைரஸைத் தேடிப்போய் அதன் மரபுப் பொருளையே வெட்டும் புது முயற்சியில், 2020இல் எலியின் நரம்பு முடிச்சு ஒன்றில் பதுங்கியிருந்த வைரஸில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அழிந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நரம்பும் கண்ணும் ஒரே உடலில் இருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். அந்தக் கேள்விக்கு மட்டும் விலங்கை நாடுவது எனக்கு உடன்பாடு. மற்றவற்றுக்குப் பழக்கத்தின் காரணமாக நாடுவது உடன்பாடில்லை.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் வருகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு அதன்கீழ் அமைவது. 2023இல் புது மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு அல்லாத முறைகளின் முடிவுகளையும் ஏற்க வழி செய்தார்கள். நாங்கள் ஒவ்வொரு ஆய்வுக்கும் எத்தனை முயல், ஏன் அத்தனை, ஏன் அதைவிடக் குறைக்க முடியாது என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை எரிச்சலோடு நிரப்பிய இளைஞன்தான் நானும். குழுவில் இருந்த வெளியாள் உறுப்பினர் ஒருவர், "பன்னிரண்டு போதும் என்றால் ஏன் பதினாறு?" என்று கேட்டபோது சொல்லப் பதில் இல்லாமல் நின்றது நினைவிருக்கிறது. பன்னிரண்டாகக் குறைத்தோம். ஆய்வு முடிந்ததும் அவை அனைத்துக்கும் மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்தி முடித்தோம்; நரம்பு முடிச்சை எடுத்தாக வேண்டும். அந்த நாட்களில் மதியச் சாப்பாடு இறங்காது. பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை, ஊருக்குத் திரும்பிய காரணங்களில் அதுவும் ஒன்று.

சித்தப்பாவின் புண் மூன்றாம் வாரம் மூடியது. கீழ்ப்பக்கம் மெல்லிய புகைபோல் ஒரு தழும்பு நின்றுவிட்டது; எதிர்வெயிலில் மட்டும் கூசுகிறது என்கிறார். இரண்டாம் முறை என்பதால் மாத்திரையை ஓராண்டுக்கு எழுதியிருக்கிறார்கள். தினசரிக் காலண்டரில் காலைக்கு ஒரு கோடும் இரவுக்கு ஒரு கோடும் போட்டு வைக்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்த நாளுக்கு அவர் போடும் வட்டங்களுக்குப் பக்கத்திலேயே அந்தக் கோடுகளும் இருக்கின்றன.

மேட்டூர் திறந்த வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "அந்த மொசலு படம் ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்று கேட்டார். என் பழைய கரட்டு நோட்டில், படிவத்தில் ஏற்றுவதற்கு முன் வரைந்து பழகிய சில வட்டங்கள் இருந்தன. அடுத்த முறை போகும்போது எடுத்துப்போனேன். இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலக்கண்ணாலேயே பதினேழாம் எண் முயலின் வட்டத்தைப் பார்த்தார். கிளையை விரலால் தலைப்பிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தார்.

"இதுக்கு மருந்து போட்டீங்களா, வெறுங் களிம்பா?"

குறியீட்டைப் பிரித்த பிறகு ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "வெறுங் களிம்புதான், சித்தப்பா."

அவர் நோட்டை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, சித்தியிடம் இரவு மாத்திரையைக் கேட்டார்.